இரண்டு விரல்

இக்கீக்கேயில் காலை ஏழரை.
நெரெய்டா சோக்கேயின் பிக்கப் வண்டியில்
ஆறு சைக்கிள்களைத் தலைகீழாக மாட்டியிருந்தது.
நாங்கள் மூன்று பேர்தான்.
மிச்ச மூன்றும் எதற்கு என்று கேட்டேன்.
"உடையும்" என்றாள்.

ஒஸ்வால்டோ பல் வைத்தியர்.
வால்திவியாக்காரர், மழையூர்.
பழக்கதோஷம், பையில் ரெயின்கோட்.
"இங்கே பெய்யாதா?"
"நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருமுறை.
எங்கள் வீட்டுக் கூரை அட்டை.
சாயங்காலத்துக்குள் கஞ்சியாகிவிட்டது."

வண்டி வளைந்து வளைந்து ஏறியது.
இடப்பக்கம் மலை:
பேருக்கு ஒரு புல் கிடையாது,
சூளையிலிருந்து இறக்கி ஆற வைத்தது போல.
வலப்பக்கம், அடியில், பசிபிக்.
இரண்டுக்கும் நடுவே
சேலைக் கரை அகலத்துக்கு நகரம்.
நெய்தலையும் பாலையையும் ஒட்ட வைத்துத் தைத்தவன்
நடுவில் வயல் என்று ஒன்று உண்டென்பதையே
மறந்துபோயிருக்கிறான்.

ஊருக்குள்ளேயே ஒரு மணல்மலை படுத்திருந்தது.
டிராகன் என்கிறார்கள்.
அதன் விலாவை ஒட்டி
இருபது மாடிக் கட்டடங்கள்,
பால்கனிகளில் காயும் துணி.

உச்சியில் பனிமூட்டம்.
அதற்கு இங்கே கமஞ்சாக்கா என்று பேர்,
வாடகை கொடுக்காத உறவுக்காரனைச் சொல்வதுபோல்
சொல்கிறார்கள்.
மணலில் சாம்பல் நிறப் பூண்டுகள் வரிசையாக.
நெரெய்டா ஒன்றை விரலால் தூக்கிக் காட்டினாள்.
வேர் இல்லை.
எடுத்த இடத்திலேயே,
எடுத்த பக்கம் பார்த்தே, திரும்ப வைத்தாள்.

பிறகு பிரேக் பற்றி:
"இரண்டு விரல் போதும்.
நாலு விரலால் இறுக்கினால்
சைக்கிளுக்கு உன்மேல் நம்பிக்கை போய்விடும்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
நாலு விரலால்தான் இறுக்கினேன்.
கட்டைவிரலையும் சேர்த்துக்கொள்ள வழியிருந்தால்
சேர்த்திருப்பேன்.
மூன்றாவது வளைவில் இறங்கி
கன்றுக்குட்டியைப் போல் உருட்டிக்கொண்டு நடந்தேன்.
கீழே கப்பல்கள்
தீப்பெட்டி தீப்பெட்டியாக,
ஒன்றாவது நகர்ந்தால்தானே.

ஒஸ்வால்டோ நகர்ந்தார்.
சத்தம் முதலில் வந்தது,
பிறகு புழுதி,
கடைசியில், உட்கார்ந்தபடி, அவர்.
முழங்கை சிராய்ப்பு. ஹெல்மெட்டில் ஒரு கீறல்.
சிரித்தார், நடுவில் ஒரு இடைவெளி.
முன்பல்லின் முனை போய்விட்டிருந்தது.

"தேடலாமா?" என்றார்.
துண்டு கிடைத்தால் ஒட்டிவிடலாமாம்.
"முப்பது வருஷம்
அடுத்தவர்களுக்கு ஒட்டியிருக்கிறேன்."

தேடினோம்.
அட்டகாமா பாலைவனத்தின் ஓரத்தில்
மூன்று பேர் மண்டியிட்டு
ஒரு பல்லின் முனையை.
மலையெல்லாம் வெள்ளைத் துணுக்கு:
உப்பு, சுண்ணாம்பு,
எந்தக் காலத்துச் சிப்பியோ.
"இதுவா?"
நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்.
"உப்பு."
"இது?"
"இது ஏதோ நத்தையுடையது."
வெயில் ஏறியது.
கடைசியில் ஒன்றைக் கைக்குட்டையில் மடித்தார்.
அதுதானா என்று
நாங்கள் கேட்கவில்லை.

மிச்ச இறக்கத்தில் நான் சைக்கிளில்தான் வந்தேன்.
கல், மணல், கல்,
தொண்டையில் இதயம்,
பற்களை இறுகக் கடித்துக்கொண்டு.
எத்தனை விரல் என்று கவனிக்கவில்லை.

மீன்துறையில்
பெலிக்கன்கள் குமாஸ்தாக்கள் மாதிரி நின்றன.
கடல்சிங்கம் ஒன்று படிக்கட்டில் ஏறிக்
குடலுக்குக் குரைத்தது.
எலுமிச்சை பிழிந்த பச்சை மீனை
ஒஸ்வால்டோ ஓரப் பல்லால் தின்றார்.
புளிப்பு பட்ட போதெல்லாம் ஒரு கண் மூடியது.
"வியாழக்கிழமை எனக்கு
என்னிடமே அப்பாயின்ட்மென்ட்."
நெரெய்டாவுக்குச் சிரிப்பில் புரையேறி
முதுகைத் தட்ட வேண்டியிருந்தது.

இரவு, ஓட்டலில்
ஷூவைக் கழற்றித் தட்டினேன்.
அரைக் கைப்பிடி மலை.
அதில் அரிசி நொய் அளவுக்கு
வெள்ளையாக ஒன்று.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு இல்லை.

அவருடைய விமானம் ஆறு மணிக்கே போய்விட்டது.

சோப்பு உறையில் போட்டு மடித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே மணல்மலை,
அடியில் அத்தனை விளக்குகள்.
கை விரல்கள் பத்தும் மரத்திருந்தன.